பம்ப் வண்டியா, சென்சார் வண்டியா: செகண்ட்ஸில் டீசல் பிக்கப் எடுக்கும் முன்

செகண்ட்ஸில் ஒரு பிக்கப் எடுக்கலாம் என்று பேச்செடுத்தாலே அடுத்த கேள்வி இதுதான்: பழைய பம்ப் வண்டி எடுக்கலாமா, சென்சார் வண்டியே எடுத்துவிடலாமா? இரண்டு பக்கத்துக்கும் ஆள் உண்டு. ஒருவர் "பம்ப் வண்டியே எடு தம்பி, ரெண்டு ஸ்பேனர் இருந்தா எங்க நின்னாலும் ஓட்டிட்டு வந்துடலாம்" என்பார். இன்னொருவர் "அந்தப் புகை வண்டியை வெச்சு டீசலுக்கே சம்பாதிக்கணும்" என்பார். இரண்டு பேரும் அவரவர் ஓட்டத்தை வைத்துப் பேசுகிறார்கள், அவரவருக்கு அது சரி. உங்கள் ஓட்டம் வேறு. அதனால் வண்டி பார்க்கக் கிளம்பும் முன் ஒரு நோட்டில் மூன்று விஷயம் எழுதுங்கள். ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும், அதில் நிறுத்தாமல் ஒரே மூச்சில் ஓடுவது எவ்வளவு, வண்டி நின்றுபோனால் அந்த என்ஜினைத் தொடத் தெரிந்த மெக்கானிக் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார். மாடல் வருஷம், கலர், டயர் எல்லாம் அதற்கப்புறம்.

எந்த வருஷத்தில் என்ன மாறியது

புகை விதிக்கு பிஎஸ் (பாரத் ஸ்டேஜ்) என்று பெயர், எண் கூடக் கூட விதி கடுமை. அதை வைத்து நம் ஊர் பிக்கப்களை மூன்று கூட்டமாகப் பிரிக்கலாம். 2017 மார்ச் வரை விற்றதில் பெரும்பாலும் பிஎஸ்3. 2017 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க பிஎஸ்4. 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்6, நடுவில் 5 கிடையாது, நேராகத் தாண்டிவிட்டார்கள். 2023 ஏப்ரலில் பிஎஸ்6 இரண்டாம் கட்டம் வந்தது. இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, கவனியுங்கள். 2017 மார்ச் கடைசியில் உச்ச நீதிமன்றம் பிஎஸ்3 விற்பனைக்குத் தடை போட்டதும், இருந்த ஸ்டாக்கை அந்த ஓரிரு நாளிலேயே தள்ளுபடி கொடுத்துத் தள்ளினார்கள். ஆகவே ஆர்சியில் 2017 என்று இருந்தால் அது பிஎஸ்4 என்று நினைத்துப் பணம் கொடுத்துவிடாதீர்கள். பரிவாகன் தளத்திலோ எம்பரிவாகன் ஆப்பிலோ வண்டி நம்பரைப் போட்டால் புகை விதி எது என்று தனியாகக் காட்டும். அதைப் பார்த்துவிட்டுப் பேரம் பேசுங்கள்.

பழைய பம்ப் வண்டி என்றால் டாடா 207 டிஐ, பழைய பொலேரோ பிக்கப், அப்புறம் 2005இல் வந்த 702 சிசி இரண்டு சிலிண்டர் குட்டி யானை, இந்த வகை. டீசலை அளந்து கொடுப்பது மெக்கானிக்கல் பம்ப், நம் ஆட்கள் இன்றும் மைக்கோ பம்ப் என்றுதான் சொல்வார்கள், கம்பெனி பெயர் பாஷ் என்று மாறி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. நாசில் திறக்கும் அழுத்தம் சில நூறு பாரைத் தாண்டாது. நாம் சென்சார் வண்டி என்று சொல்லும் காமன் ரெயில் வண்டியில் டீசல், ரெயில் என்ற ஒரு பொதுக் குழாயில் ஆயிரம் பாருக்கும் மேலான அழுத்தத்தில் காத்திருக்கும், எப்போது எவ்வளவு பீய்ச்ச வேண்டும் என்பதை கம்ப்யூட்டர் சொல்லும். வித்தியாசம் மொத்தமும் இங்கேதான் இருக்கிறது. அந்த அழுத்தத்தால் டீசல் பனி மாதிரிப் பொடிந்து நன்றாக எரிகிறது, இழுவை கூடுகிறது, புகை குறைகிறது. அதே அழுத்தத்தால்தான் டீசலில் கொஞ்சம் தண்ணீரோ தூசியோ வந்தாலும் இன்ஜெக்டர் தாங்காது.

வயசை மட்டும் வைத்து எது பம்ப், எது சென்சார் என்று முடிவு கட்டவும் முடியாது. அசோக் லேலண்ட் தோஸ்த் 2011இல் வந்தபோதே மூன்று சிலிண்டர் காமன் ரெயில்தான். பொலேரோ பிக்கப்பிலோ 2523 சிசி என்ற அளவு அப்படியே இருக்க, முதலில் மெக்கானிக்கல் பம்ப்போடு வந்தது, பிறகு காமன் ரெயில் ஆனது. பானட்டைத் திறந்து பாருங்கள். பம்பிலிருந்து ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனிக் குழாய் போனால் பம்ப் வண்டி. ஒரு தடித்த குழாய் குறுக்கே படுத்திருந்து அதிலிருந்து இன்ஜெக்டருக்குக் குழாய் பிரிந்து, ஒவ்வொரு இன்ஜெக்டர் தலையிலும் ஒயர் செருகியிருந்தால் காமன் ரெயில்.

உங்கள் ஓட்டத்துக்கு எது

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சின்ன ஊரில் இருந்துகொண்டு ஒரு நாளைக்கு ஐம்பது நூறு கிலோமீட்டர், கொஞ்சம் டவுன், கொஞ்சம் பைபாஸ் என்று ஓட்டுகிறவருக்கு 2017 ஏப்ரலுக்கும் 2020 மார்ச்சுக்கும் நடுவில் வந்த காமன் ரெயில் பிஎஸ்4தான் நல்ல பொருத்தம். காமன் ரெயிலின் இழுவையும் மைலேஜும் கிடைக்கும், புகைக்குழாயில் டிபிஎஃப் என்ற கரி வடிகட்டியின் தொல்லை இருக்காது. புகையில் ஒரு பங்கை என்ஜினுக்கே திருப்பி விடும் இஜிஆர் வால்வில் கரி பிடிக்கும், அதைக் கழற்றிச் சுத்தம் பண்ணத் தெரிந்தவர்கள் இன்று எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். மூன்றே வருஷம் விற்ற வண்டி என்பதால் நல்லது கிடைக்கத் தேட வேண்டும், விலையும் இறங்கி வராது. பரவாயில்லை, தேடுங்கள்.

தோட்டத்துக்கும் மண்டிக்கும் நடுவே பத்து கிலோமீட்டர், வாரத்துக்கு நாலு நாள் என்றால் பம்ப் வண்டி போதும். கேனில் வாங்கி வைத்த டீசலை ஊற்றினாலும் பொறுத்துக்கொள்ளும், ஃபில்டரில் காற்றுப் பிடித்தால் கைப்பம்பை அழுத்தி, குழாய் நட்டை லூஸ் பண்ணிக் காற்றெடுத்து நீங்களே கிளப்பிவிடலாம். ஆனால் அந்த வயசு வண்டிக்கு வேறு செலவு உண்டு. சரக்கு வண்டிக்கு 8 வருஷம் வரைக்கும் 2 வருஷத்துக்கு ஒரு முறை எஃப்சி (தகுதிச் சான்று), அதற்கு மேல் வருஷா வருஷம் எஃப்சி. கூடவே பசுமை வரி. வண்டி 15 வருஷத்தை நெருங்கினால் எஃப்சி கட்டணமும் அதிகம், லோன் கொடுக்கவும் ஆள் வராது. வாங்குகிற விலையோடு இதையும் கூட்டிப் பாருங்கள். டெல்லியில் பத்து வருஷ டீசல் வண்டிக்குத் தடை என்று சொல்லிப் பயமுறுத்துகிறவர்கள் உண்டு. அது டெல்லி சுற்றுவட்டாரத்துக்கான உத்தரவு, நம் ஊருக்கு இல்லை.

தினமும் இருநூறு கிலோமீட்டர், ஒட்டன்சத்திரத்தில் காய் ஏற்றிக் கேரளா போய் வருகிற மாதிரி ஓட்டம் என்றால் பிஎஸ்6ஐ தைரியமாகப் பாருங்கள். டீசல் கணக்கே அந்தப் பக்கம் இழுக்கும். ஒரு வண்டி லிட்டருக்கு 12, இன்னொன்று 14 தருகிறது என்று வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு 30,000 கிலோமீட்டர் ஓடினால் ஒன்றுக்கு 2,500 லிட்டர், மற்றதற்குச் சுமார் 2,143. லிட்டர் 92 ரூபாய் என்றால் வித்தியாசம் 33,000 ரூபாய்க்குக் கிட்ட வருகிறது. வருஷத்துக்கு 6,000 கிலோமீட்டர்தான் ஓடும் என்றால் அதே வித்தியாசம் ஏழாயிரத்தைத் தாண்டாது, ஒரு இன்ஜெக்டர் போனால் அது காணாமல் போய்விடும். விற்கிறவர் சொல்லும் மைலேஜை இந்தக் கணக்கில் போடாதீர்கள். டேங்க்கை நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பிப் பார்த்தால்தான் மைலேஜ்.

டிபிஎஃப் பற்றிக் கொஞ்சம் விரிவாக

பிஎஸ்6 பிக்கப்பில் ஏமாறுகிற இடம் இது என்பதால் நிதானமாகச் சொல்கிறேன். டிபிஎஃப் என்பது புகைக்குழாயில் இருக்கும் கரி வடிகட்டி. கரி சேரச் சேர அதைச் சுமார் 600 டிகிரி சூட்டில் எரித்துச் சாம்பலாக்க வேண்டும். ஹைவேயில் ஒரே சீராக ஓடினால் வண்டி தானே அதைச் செய்துகொள்ளும். தெருத்தெருவாக நின்று நின்று போனால் சூடு ஏறாது, எரிக்க ஆரம்பித்து பாதியில் நின்றுவிடும், கரி அடைத்துக்கொள்ளும்.

என் மைத்துனருக்குக் குடிநீர் கேன் போடும் தொழில். இரண்டு வருஷம் ஓடிய பிஎஸ்6 பிக்கப் ஒன்றை எடுத்தார், பெயின்ட் கூட மங்கவில்லை, எனக்கும் பிடித்திருந்தது. ஒரு நாளைக்கு முப்பது கிலோமீட்டர்தான், ஆனால் ஐம்பது இடத்தில் நிறுத்துவார், அதனால் நூறு கிலோமீட்டர் ஓடுகிற நேரம் ஆகும். மூன்றாவது மாதம் டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது. கண்டுகொள்ளாமல் ஓட்டினார். ஒரு வாரத்தில் வண்டி இரண்டாவது கியருக்கு மேல் இழுக்கவே இல்லை. நான் போய் ஆயில் கேஜ் கம்பியை உருவிப் பார்த்தபோது ஆயில் மேல்கோட்டுக்கு ஒரு விரற்கடை மேலே நின்றது. யாரும் ஆயில் ஊற்றவில்லை. விரலில் தொட்டு மோந்தால் டீசல் வாடை. கரியை எரிக்கக் கூடுதலாகப் பீய்ச்சிய டீசல் ஒவ்வொரு முறையும் பாதியில் நின்று, சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி ஆயிலில் கலந்திருக்கிறது. அப்படியே விட்டிருந்தால் பேரிங் போயிருக்கும். ஸ்கேனர் போட்டு நிற்க வைத்தே கரியை எரித்தார்கள், ஆயில் மாற்றினோம். இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் அரை மணி நேரம் பைபாஸில் ஒரே வேகத்தில் ஓட்டிவிட்டு வருகிறார், விளக்கு வரவில்லை. அந்தத் தொழிலுக்கு அந்த வண்டியை நான் பிடித்திருக்கிறது என்று சொன்னதுதான் தப்பு, ஓட்டத்தைக் கேட்டுவிட்டுச் சொல்லியிருக்க வேண்டும்.

இந்தத் தொல்லைக்குப் பயந்து சிலர் டிபிஎஃப்பை வெட்டி உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு, கம்ப்யூட்டரையும் மாற்றி எழுதி விற்கிறார்கள். சட்டப்படி அது செல்லாது, எஃப்சியில் மாட்டினால் புது டிபிஎஃப் உங்கள் தலையில்தான் விழும். கண்டுபிடிக்க எளிய வழி: என்ஜின் ஆறியிருக்கும்போது வெள்ளைத் துணியைச் சுற்றிய விரலைப் புகைக்குழாய் முனைக்குள் விட்டுத் துடையுங்கள். டிபிஎஃப் நன்றாக இருக்கும் வண்டியில் துணி கிட்டத்தட்ட அப்படியே வரும். கன்னங்கரேல் என்று வந்தால் கேள்வி கேளுங்கள்.

புகையைச் சுத்தப்படுத்த யூரியா டேங்க் உள்ள வண்டி என்றால் நீல மூடியைத் திறந்து சுற்றிலும் பாருங்கள். கொஞ்சம் வெள்ளைப் படிவு சகஜம். கட்டிகட்டியாக இருந்தால் கசிவு. விற்கிறவரிடம் எந்த யூரியா ஊற்றினீர்கள் என்று கட்டாயம் கேளுங்கள். வண்டிக்கு வேண்டியது 32.5 சதவீத யூரியாவைச் சுத்திகரித்த நீரில் கலந்த திரவம். வயலுக்குப் போடும் யூரியாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். நம் உர யூரியா 2015 முதல் முழுக்க வேப்பெண்ணெய் பூசி வருவது, அது உள்ளே போனால் பம்பும் கேட்டலிஸ்ட்டும் சேர்ந்து கெடும்.

வண்டியை நேரில் பார்க்கும்போது

முந்தின நாளே சொல்லிவையுங்கள், நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று. சொன்னாலும் பண்ணுவார்கள். ஒரு முறை 207 ஒன்றைப் பார்க்க விடியக்காலையில் போனேன். பனி விழுந்து வண்டி முழுக்க நனைந்திருந்தது, பானட் மட்டும் காய்ந்திருந்தது. உள்ளங்கையை வைத்தால் இட்லிப் பானை மூடி மாதிரிச் சூடு. "இப்பதான் கொஞ்சம் நகர்த்தி வெச்சேன் அண்ணே" என்றார். நான் டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி, இரண்டு மணி நேரம் காத்திருந்து ஆறவிட்டுச் செல்ஃப் அடித்தேன். நாலாவது தடவைதான் பிடித்தது, பிடித்ததும் வெள்ளைப் புகை முற்றத்தை மறைத்தது. கம்ப்ரஷன் இல்லாத என்ஜின். சூட்டில் எல்லா என்ஜினும் நன்றாகத்தான் பிடிக்கும், ஆறிய என்ஜின்தான் உண்மையைக் காட்டும்.

பிடித்த பிறகு ஆயில் ஊற்றும் மூடியைத் திருகிக் கழற்றி, கவிழ்த்து அதே வாயின் மேல் சும்மா வையுங்கள். லேசாக ஆடினால் பயமில்லை. துள்ளி விழுந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்து காற்று கீழே இறங்குகிறது, சிலிண்டரைக் குடைந்து சரிசெய்யும் போர் வேலை காத்திருக்கிறது. புகையின் நிறத்தையும் பாருங்கள்: ஆக்ஸிலேட்டர் கொடுக்கும்போது கறுப்பு என்றால் டீசல் அதிகம் அல்லது காற்று குறைவு, நீலம் என்றால் ஆயில் எரிகிறது, சூடான பிறகும் வெள்ளை நிற்காமல் வந்தால் தண்ணீர் உள்ளே போகிறதா என்று சந்தேகப்படுங்கள். டீசல் என்ஜின் ஆயில் மாற்றிய மறுநாளே கறுத்துவிடும், அதை வைத்து ஒன்றும் முடிவு பண்ண வேண்டாம். பால் ஊற்றிய டீ மாதிரி இருந்தால் மட்டும் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள், ஹெட் கேஸ்கெட்டோ அதைவிடப் பெரியதோ போயிருக்கிறது.

பம்ப் வண்டியில் பம்பின் சீல் கம்பியைத் தேடுங்கள். அறுந்திருந்தால் இழுவைக்காக யாரோ ஸ்குரூவைத் திருகி டீசல் ஏற்றி வைத்திருக்கிறார்கள், அந்த என்ஜின் அதிகச் சூட்டில் உழைத்திருக்கும். பின்னால் ஸ்பிரிங் கட்டில் கம்பெனிக் கணக்குக்கு மேல் பட்டை சேர்த்திருந்தாலும் அதே கதைதான், தாங்க முடியாத லோடு ஏற்றிய வண்டி.

சென்சார் வண்டிக்கு ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக்கைக் கையோடு கூட்டிப் போங்கள், அவருக்குக் கொடுக்கும் கூலியை யோசிக்காதீர்கள். சாவியைத் திருப்பியதும் செக் லைட் எரிந்து, ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் பல்பைப் பிடுங்கியிருக்கலாம். பழுது எதுவும் பதிவில் இல்லை என்று ஸ்கேனர் காட்டினால் உடனே சந்தோஷப்படாதீர்கள், நேற்று அழித்திருக்கலாம், இருபது முப்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடி போட்டுப் பாருங்கள். கம்ப்யூட்டரில் பதிவான கிலோமீட்டரையும் மீட்டரில் உள்ளதையும் ஒப்பிட முடிந்தால் ஒப்பிடுங்கள். பழைய வண்டியில் இந்த வசதி கிடையாது, கிளட்ச் பெடல் ரப்பரின் தேய்மானத்தையும் ஸ்டியரிங்கின் வழவழப்பையும்தான் நம்ப வேண்டும்.

இன்ஜெக்டரைச் சோதிக்க ஒரு நல்ல வழி உண்டு. ஒவ்வொரு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் குழாயையும் கழற்றி, தனித்தனிச் சின்ன பாட்டிலில் விட்டு, வண்டியைச் சில நிமிஷம் ஐடிலில் ஓட விடுவார்கள். நாலு பாட்டிலிலும் டீசல் ஏறக்குறைய ஒரே அளவு நிற்க வேண்டும். ஒன்று மட்டும் நிறைந்து, மற்றவை அடியில் இருந்தால் அந்த இன்ஜெக்டர் தேய்ந்துவிட்டது. டீசல் ஃபில்டரைக் கழற்றி வெள்ளைத் தட்டில் கவிழ்த்துப் பாருங்கள், வெள்ளிப் பொடி மாதிரி மினுங்கினால் ஹை பிரஷர் பம்ப் உள்ளே அரைபடுகிறது. அந்தத் தூள் ரெயில், இன்ஜெக்டர் எல்லாவற்றுக்குள்ளும் போயிருக்கும், ஒன்றை மட்டும் மாற்றித் தப்பிக்க முடியாது. எவ்வளவு விலை குறைத்தாலும் அந்த வண்டி வேண்டாம்.

வெள்ளத்தில் நின்ற வண்டியா என்பதையும் பார்க்க வேண்டும். 2023 டிசம்பரில் சென்னையிலும், அதே மாதம் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கமும் எத்தனை வண்டி முங்கியது என்று நாம் பார்த்தோம். பம்ப் வண்டி என்றால் எல்லாவற்றையும் கழற்றிக் காயவைத்து மீட்டுவிடலாம். சென்சார் வண்டியில் ஒயரிங் சாக்கெட்டுக்குள் பச்சை பூத்துக்கொண்டு, இன்று ஒரு கோளாறு, நாளை ஒரு கோளாறு என்று உயிரை வாங்கும். டேஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டு நோண்டுங்கள், சீட் பெல்ட்டை முழுசாக உருவிப் பாருங்கள், சேறு தட்டுப்பட்டால் விட்டுவிடுங்கள்.

காகிதம்

ஆர்சியில் லோன் இருந்தால் ஃபைனான்ஸ் கொடுக்கும் என்ஓசியும் (ஆட்சேபம் இல்லை என்ற கடிதம்), லோன் பதிவை நீக்கும் படிவம் 35ம் கைக்கு வராமல் முழுப் பணம் கொடுக்க வேண்டாம். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. வேறு ஆர்டிஓ எல்லை என்றால் 28ம் வேண்டும். என்ஜின் நம்பர், சேஸிஸ் நம்பர் இரண்டையும் விளக்கடித்து நீங்களே படியுங்கள், பழைய வண்டிகளில் என்ஜின் மாற்றியிருப்பது நிறைய நடக்கிறது, ஆர்சியில் ஏறாமல் இருந்தால் எஃப்சி அன்று மாட்டுவீர்கள். மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டும் வண்டிக்குப் பெர்மிட் உண்டா என்று பாருங்கள், அதற்குள் என்றால் பெர்மிட் தேவையில்லை. நிலுவையில் இருக்கும் இ-சலானை விற்கிறவரே கட்டித் தரட்டும்.

வண்டி கைக்கு வந்த முதல் வாரத்திலேயே என்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர், டீசல் ஃபில்டர், ஏர் ஃபில்டர், கூலன்ட் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள், போன மாதம்தான் மாற்றினேன் என்று அவர் சொன்னாலும். பிஎஸ்6 என்றால் சாம்பல் குறைவான, அந்த வண்டிக்கென்று புத்தகத்தில் எழுதியிருக்கும் ஆயில்தான், பழைய 207க்கு ஊற்றுகிற ஆயிலை ஊற்றினால் டிபிஎஃப் சாம்பலால் அடைபடும், அதை எரித்து எடுக்கவும் முடியாது. காமன் ரெயில் எதுவானாலும் டீசல் ஃபில்டருக்குக் கீழே தண்ணீர் இறக்கும் திருகு இருந்தால் அதை எங்கே, எப்படித் திறப்பது என்று மெக்கானிக்கிடம் ஒரு தடவை செய்து காட்டச் சொல்லிக் கற்றுக்கொள்ளுங்கள். இன்ஷூரன்ஸை உங்கள் பெயருக்கு மாற்ற 14 நாளுக்குள் எழுதிக் கொடுங்கள்.